அயல்மண்ணும் அடைக்கலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



உத்திரமேரூரில் கூடிய இலக்கிய அவையில், தாய்லாந்தில் வாழும் தமிழர் கள்வருக்கும் ஏமாற்றுக்காரருக்கும் எவ்வளவு அஞ்சுகின்றனர், எதனைப் பாதுகாப்பு என்று கருதுகின்றனர் என்னும் பொருளை எடுத்துக்கொள்வது சிலர்க்கு வியப்பளிக்கலாம். அந்நாடு எங்கே, இவ்வூர் எங்கே என்று கேட்கலாம். ஆனால் இவ்வூருக்கும் அந்நாட்டிற்கும் இடையிலான உறவு, இன்றைய விமானப் பயணச்சீட்டைவிட ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. அந்த உறவின் மையத்தில் நிற்கும் சொல்லும் பாதுகாப்பைப் பற்றியதே.

தாய்லாந்தின் மேற்குக் கரையில், அந்தமான் கடலை நோக்கி, தகுவாபா என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்த ஒரு குன்றின் அருகே கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு, கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் முடிவு. எழுத்துகள் சில சிதைந்துவிட்டன. எஞ்சியவற்றிலிருந்து செய்தி தெளிவாகவே விளங்குகிறது. நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் அங்கே ஒரு குளம் தோண்டினார். அதற்கு அவனிநாரணம் என்று பெயர். அந்தக் குளம் மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டது. வேறொரு குழுவின் பெயரும் உண்டு. அதனை எவ்வாறு படிப்பது என்பதில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. மணிக்கிராமத்தார் என்போர் வணிகக் குழுவினர். சேனாமுகம் படை தங்கும் இடத்தைக் குறிக்கும். இக்கல்வெட்டை விரிவாக ஆராய்ந்தவர்களுள் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் முதன்மையானவர். அவனிநாரணன் என்பது தெள்ளாற்றில் வென்ற மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். அந்தத் தெள்ளாறு வேறெங்கும் இல்லை, வந்தவாசியை அடுத்துள்ளது. இவ்வவையில் அமர்ந்திருப்போர் பலரும் பேருந்தில் கடந்து செல்லும் ஊர்தான்.

இனி, உத்திரமேரூரின் பக்கம் திரும்பினால், இவ்வூர்ப் பேரேரிக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் வைரமேகத் தடாகம். வைரமேகன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் தந்தையாகிய தந்திவர்மனின் பட்டப்பெயராகக் கொள்ளப்படுகிறது. தந்தையின் பெயரைத் தாங்கிய நீர்நிலை இங்கே. மகனின் பெயரைத் தாங்கிய நீர்நிலை கடல்கடந்து அங்கே. இங்கே உள்ள ஏரியைக் காக்கச் சபையின் ஏரி வாரியம் இருந்தது. அங்கே சபை இல்லை, வாரியம் இல்லை, உற்றார் உறவினர் இல்லை. ஆகவே வணிகரையும் படையினரையும் அழைத்து, இது உங்கள் அடைக்கலம் என்று கல்லில் எழுதவேண்டியதாயிற்று. ஏரி என்றால் அதைக் காக்க ஆள் வேண்டும் என்னும் எண்ணம் அவர்களோடு மரக்கலத்தில் ஏறிச் சென்றிருக்கிறது. அயல்நாட்டில் தமிழர் தம் பாதுகாப்பைப் பற்றி எழுதிவைத்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

அதற்கும் முற்பட்ட ஒரு சிறு பொருள் உண்டு. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குளோங் தோம் என்னும் இடத்தில் பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில், அது பெரும்பதன் என்பானின் கல் என்று பொறிக்கப்பட்டுள்ளது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல் கையடக்கமானது. கடல்கடந்து சென்ற ஒரு பொற்கொல்லர் தம் கருவியில் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் பொறித்தார்? தம் ஊரில் தம் உரைகல்லை எவரும் அறிவர். பல மொழி பேசுவோர் கூடும் துறைமுகத்தில், இது என்னுடையது என்று சொல்லப் பெயர் வேண்டியிருந்திருக்கும். பொருளைக் காப்பது பூட்டு மட்டுமன்று, பெயரும் என்பதைப் பழந்தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். புகார் நகரின் வெள்ளிடை மன்றத்தைப் பற்றிச் சிலப்பதிகாரம் கூறும் செய்தி அவையோர் அறிந்ததே. வாயிலும் காவலும் இன்றிக் கிடந்த பொதிகளின்மீது உடையவர் பெயரும் அளவும் எழுதப்பட்டிருந்தன. அவற்றைத் திருட முயன்றவன் அச்சுமையையே சுமந்து சுற்றவேண்டியதாயிற்று என்பது காப்பியம் தரும் காட்சி.

உத்திரமேரூர்ச் சபை வகுத்த காப்பும் பெயரை அடிப்படையாகக் கொண்டதே. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்ட ஆணைகள் குடவோலை முறைக்காகவே பெரிதும் போற்றப்படுகின்றன. 30 குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுதல், சம்வத்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர் என்பவை பள்ளி மாணவரும் ஒப்பிக்கும் செய்திகள். அதிகம் பேசப்படாதது, யார் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்னும் பகுதி. கணக்குக் காட்டாதவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், பெரும் பாதகங்கள் செய்தவர் ஆகியோர் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். தாய்வழி, தந்தைவழி, மனைவிவழி என்று உறவுமுறைகள் எண்ணிக் காட்டப்படுகின்றன. தீயோர் கெட்டு நல்லோர் ஓங்குதலே நோக்கம் என்றும் ஆணை கூறுகிறது. குற்றத்தைத் தடுக்கும் வேலியாக உறவையே நிறுத்திய ஏற்பாடு அது. ஒருவன் தவறு செய்தால் அவன் அத்தை மகனும் வெட்கப்படுவான். ஆகவே அத்தை மகனே அவனைக் கண்காணிப்பான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது. அச்சபை நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடைய பிராமண ஆடவரின் சபை. காணி இல்லாதவர், உழுதவர், பெண்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தக் குடத்திலும் விழவில்லை. சுவரில் உள்ள பெயர்களைப் போற்றும் மேடைகள் சுவரில் இல்லாத பெயர்களையும் எண்ணிப்பார்ப்பது நல்லது. அயல்நாட்டில் பிற்காலத்தில் அழிந்த தமிழருள் மிகப் பலர் அந்த இரண்டாம் வகையினரே.

கடல்கடந்தவனுக்கு அத்தை மகன் அருகில் இல்லை. சிலப்பதிகாரத்தின் துயரமும் அதிலிருந்தே பிறக்கிறது. கோவலன் புகாரில் மாசாத்துவானின் மகன். மதுரையில் அவன் யாருமல்லன். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்த பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர் அமைந்தது. ஆனால் கோவலன் சிலம்போடு கடைவீதிக்குச் சென்றபோது, இவன் இன்னான், இன்ன குடியினன் என்று சொல்ல உடன் ஒருவரும் இல்லை. பொற்கொல்லன் சொன்ன பொய்க்கு எதிராக நிற்க ஒரு பெயர் இல்லாமற்போயிற்று. காவலர் தயங்கினர்; தோற்றம் கள்வனுடையதன்று என்று அவர்களுக்கே பட்டது. பொற்கொல்லன் களவுநூல் பேசி அந்தத் தயக்கத்தையும் கலைத்தான். பின்னர்க் கண்ணகி அரசவையில் தொடங்குவதே தன் ஊரையும் கணவன் பெயரையும் சொல்லித்தான். அப்போது காலம் கடந்துவிட்டது. அயலூரில் ஒருவனுக்கு நேரக்கூடிய தீங்குகளுள் கள்வனால் வருவது ஒன்று. கள்வன் என்று கருதப்படுவதால் வருவது மற்றொன்று. இரண்டாவதே கொடியது என்பதைத் தமிழின் முதற்காப்பியம் சொல்லிவிட்டது.

இப்பின்னணியோடு இன்றைய தாய்லாந்தைக் காணவேண்டும். அங்கே ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் பொதுவாகச் சொல்வது, தத்தம் நாட்டு நகரங்களைவிடப் பாங்காக்கின் தெருக்களில் நள்ளிரவில் அச்சமின்றி நடக்கலாம் என்பதாகும். வழிப்பறி அரிது, ஏமாற்று மிகுதி. அரண்மனை இன்று மூடப்பட்டுள்ளது என்று கூறி வெளியூரானை நகைக்கடைக்கு அழைத்துச் செல்லும் முச்சக்கர வண்டிக்காரர், மதிப்பில்லாத மணிகளை அரிய மணிகள் என்று விற்போர், கடற்கரையில் வாடகை ஊர்தியில் கீறல் விழுந்தது என்று பணம் பறிப்போர் ஆகிய கதைகள் எல்லாராலும் சொல்லப்படுகின்றன. இத்தகைய முறையீடுகளுக்கென்றே சுற்றுலாக் காவல் பிரிவு ஒன்று 1155 என்னும் தொலைபேசி எண்ணோடு இயங்குகிறது.

இந்த மனநிறைவை அப்படியே ஏற்க இயலாது. 2017ஆம் ஆண்டைச் சார்ந்த மதிப்பீடு ஒன்றின்படி அந்நாட்டில் தனியாரிடம் உள்ள துப்பாக்கிகள் 1 கோடிக்கும் மேல். உயிருக்கு நேரும் பெரிய இடரோ துப்பாக்கியும் அன்று, சாலை. உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, 2016ஆம் ஆண்டில் ஒரு லட்சம் பேருக்கு 32.7 என்ற அளவில் அங்கே சாலைச் சாவுகள் நிகழ்ந்ததாக மதிப்பிட்டது. உலகின் மிக உயர்ந்த அளவுகளுள் அஃது ஒன்று. அவர்களுள் பெரும்பாலோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். கள்வனுக்கு அஞ்சிக் கதவைத் தாழிடுவோர், தலைக்கவசம் இன்றி வண்டியில் ஏறுகின்றனர். அச்சம் எங்கே செல்லவேண்டுமோ அங்கே செல்வதில்லை. இது தாய்லாந்துக்கு மட்டும் உரிய குறை அன்று. செங்கல்பட்டுச் சாலையில் மாலை நேரத்தில் நின்று பார்த்தாலும் தெரியும்.

நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் மற்றொன்றும் சொல்வர். அங்கே உரக்கப் பேசிச் சண்டையிடுவது இடரை விலைக்கு வாங்குவதாகும். தாய் மொழியில் ‘ஜய் யென்’ என்று ஒரு தொடர் உண்டு. குளிர்ந்த நெஞ்சம் என்பது அதன் பொருள். பலர் நடுவில் ஒருவனை நாணச்செய்தால் அவன் புன்னகை திடீரென்று மறைந்துவிடும் என்பர். மானத்தை உயிரினும் மேலாகக் கொண்ட இலக்கியத்திற்கு உரியவர்கள் இதனை எளிதில் உணர்வர். அரச குடும்பத்தை இழிவுபடுத்தியதாகக் கருதப்படும் பேச்சுக்கு 3 முதல் 15 ஆண்டுவரை சிறை உண்டு என்பதை அறியாமல் நாவைத் தளர்த்துவோரும் உளர். அயல்நாட்டில் அறியாத சட்டமும் ஒரு குழிதான்.

தமிழரின் பார்வை மேலைநாட்டாரின் பார்வையிலிருந்து வேறுபடுவதற்கு ஒரு சொல் போதும். இந்தியரையும் மலாய் மக்களையும் முஸ்லிம்களையும் தாய் மக்கள் ‘கேக்’ என்று அழைப்பதுண்டு. அச்சொல்லின் முதற்பொருள் விருந்தினர் என்பதே. பாங்காக்கின் சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலையும் ‘வாட் கேக்’, அதாவது விருந்தினர் கோயில், என்றே ஊர் வழங்குகிறது. நவராத்திரியின் இறுதியில் அம்மன் வீதியுலா வரும்போது சாலையின் இருபுறமும் வழிபாட்டுத் தட்டோடு நிற்போருள் தாய் மக்களே மிகுதி. அதே மொழியில், பாம்பையும் ‘கேக்’கையும் ஒருசேரக் கண்டால் முதலில் அடிக்கவேண்டியது இரண்டாமவனையே என்று ஒரு பழமொழியும் வழங்குகிறது. மாலை சூட்டும் கையும் ஐயுறும் கண்ணும் ஒரே தெருவில் இருக்கின்றன. மேலைநாட்டான் பொருள் பறிபோகுமோ என்று கவலைப்படுகிறான். தமிழனுக்கு அந்தக் கவலையோடு, தன்மேல் ஐயம் விழுமோ என்னும் கவலையும் சேர்ந்துகொள்கிறது.

இந்த ஐயத்திற்கு நடுவிலும் தலைமுறைகளாக நிமிர்ந்து வாழ்ந்தவர்கள் உண்டு. காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து சென்ற மாணிக்க வணிகர்கள் பாங்காக்கிலும் சந்தபுரியிலும் பெயர்பெற்றவர்கள். சிறு காகிதப் பொட்டலத்தில் ஒரு வீட்டின் விலையைச் சட்டைப்பையில் வைத்து நடக்கும் தொழில் அது. அத்தொழிலுக்குக் காவலாக நிற்பது பெரிதும் சொல்லின் நாணயமும் ஊராரின் அறிமுகமுமே. ஒருவன் ஒருமுறை பொய்த்தால் பாங்காக்கில் மட்டுமன்று, காயலிலும் அவன் பெயர் கெடும். உத்திரமேரூர்ச் சபை உறவை வேலியாக நிறுத்தியதும், மணிக்கிராமத்தார் குளத்தை ஏற்றுக்கொண்டதும் இதே நெறியின் பழைய வடிவங்கள் என்று கருத இடமுண்டு.

ஆனால் எல்லாத் தமிழரும் வணிகராகச் செல்லவில்லை.

காஞ்சிபுரத்தை நினைவூட்டும் பெயருடைய ஊர் ஒன்று தாய்லாந்தில் உண்டு, காஞ்சனபுரி. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில்பாதையை இவ்வூர் வழியாக அமைத்தனர். 1942இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் மாண்ட எண்ணிக்கை அதைப் பன்மடங்கு விஞ்சும். 80,000க்கும் மேல் என்று மதிப்பிடுவோர் உளர், அதற்கும் மேல் சொல்வோரும் உளர். அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். சிலரை நல்ல கூலி, சில மாத வேலை என்று சொல்லி அழைத்தனர். சிலரை இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவடைத்து வண்டியேற்றினர் என்பது தப்பியவர் சொன்ன வரலாறு. வாந்திபேதி அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயிற்று. காஞ்சனபுரியின் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டு, புல் வெட்டப்பட்டு நிற்கின்றன. தமிழருக்கு அத்தகைய வரிசை இல்லை. அவர்களைப் பற்றிய பட்டியலை எவரும் முறையாக வைத்திருக்கவில்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலையும் எழுதியதால், பெயரற்றுப் போனவர்க்குக் கதையிலேனும் பெயர் கிடைத்தது. 2023ஆம் ஆண்டு காஞ்சனபுரியின் பௌத்தக் கோயில் ஒன்றின் வளாகத்தில் அவர்கள் நினைவாக நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்து நட்ட கல் அது.

ஈழத்தமிழரின் நிலை வேறு. தாய்லாந்து 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் கையொப்பமிடாத நாடு. ஏதிலியாக வருபவர் அங்கே சட்டத்தின் கண்ணுக்கு உரிமம் இன்றித் தங்கியவரே. 2010 அக்டோபரில் பாங்காக்கில் நிகழ்ந்த தேடுதல்களில் ஈழத்தமிழர் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, பிடிக்கப்பட்டுக் குடிநுழைவுத் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, தாய்லாந்துக் கரையிலிருந்து புறப்பட்ட ‘சன் சீ’ என்னும் கப்பல் 492 தமிழரோடு கனடாவின் மேற்குக் கரையை அடைந்திருந்தது. இவர்களிடம் சென்று இரவில் தெருவில் நடக்க அச்சமா என்று கேட்டால், எந்தத் தெருவில் காவலர் நிற்கின்றனர் என்றே திருப்பிக் கேட்டிருப்பர். சுற்றுலாப் பயணிக்கு 1155 என்பது உதவி. ஏதிலிக்கு அதே சீருடை அச்சம்.

இவை கடந்தகாலம். இவ்வட்டாரத்தின் வீட்டுத் திண்ணையை இன்று தொடும் செய்தி ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

தாய்லாந்தின் மேற்கெல்லையில் மே சொட் என்னும் ஊர். அங்கே மோய் ஆறு ஓடுகிறது. கோடையில் சில இடங்களில் இறங்கியே கடந்துவிடலாம் என்னும் அளவு அது சிறியது. அக்கரை மியான்மர், ஊரின் பெயர் மியாவாடி. அங்கே ஆயுதக் குழுக்களின் பிடியில், உயர்ந்த மதில்களுக்குள், இணையவழி மோசடியே தொழிலாகக் கொண்ட வளாகங்கள் வளர்ந்தன. அவற்றிற்கு ஆங்கிலம் அறிந்த, கணினி அறிந்த இளைஞர் தேவை. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவுத்துறை ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் எண்ணியல் விற்பனை அலுவலர் வேலை என்று சமூக ஊடகங்களிலும், துபாயிலும் இந்தியாவிலும் உள்ள முகவர்கள் மூலமும் ஆள் சேர்த்து, எல்லை கடத்தி, அடைத்துவைக்கின்றனர் என்பது அதன் சாரம். அடுத்த மாதமே தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தடைந்தனர். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சொட்டிலிருந்து முதலில் 283 பேரையும் அடுத்து 266 பேரையும் ஏற்றிவந்தன. பல மாநிலத்தவர், தமிழரும் அவர்களுள் இருந்தனர்.

நேர்வது என்ன? பாங்காக் விமான நிலையத்தில் ஓட்டுநர் ஒருவர் பெயர்ப்பலகையோடு நிற்கிறார். அலுவலகம் சற்றுத் தொலைவு என்கிறார். ஏழெட்டு மணி நேரம் வண்டி ஓடுகிறது. இருட்டில் ஓர் ஆறு. அக்கரையில் கடவுச்சீட்டு வாங்கப்படுகிறது. மறுநாள் தொடங்கும் வேலை, முகமறியாத அயலாரிடம் அன்பாகப் பேசி, பொய்யான முதலீட்டில் அவர்கள் பணத்தைப் போடச்செய்வது. மறுத்தவருக்கு அடி, பட்டினி, மின்சார அதிர்ச்சி என்று மீண்டவர்கள் கூறியுள்ளனர். விடுதலை வேண்டின் பெருந்தொகை கேட்கப்படும். கடவுச்சீட்டில் மியான்மருக்குள் நுழைந்த முத்திரை இல்லை. ஆகவே தப்பி வந்தாலும் சட்டத்திற்குப் புறம்பாக எல்லை கடந்தவன். செய்த வேலையோ மோசடி, ஆகவே கள்வன். பொற்கொல்லன் இங்கே ஒருபடி மேலே சென்றுவிட்டான். கோவலன்மீது களவு சுமத்தப்பட்டது. இவனைக் களவு செய்யவைத்து, அதன்பின் சுமத்துகின்றனர். ஏமாற்றப்பட்டவன், ஏமாற்றியவன் என்னும் இரண்டு பெயரும் ஒரே தலையில் விழுகின்றன. அவன் பேச்சை நம்பிச் சேமிப்பை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்தியாவின் வேறொரு மூலையில் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. இரக்கம் ஒருபக்கம் மட்டும் நின்றுவிட்டால் அஃது இரக்கமன்று.

இதில் சட்டத்தின் வலை எங்கே கிழிந்தது என்பதைக் காணவேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டம், பத்தாம் வகுப்புத் தேறாதவர் சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்முன் குடிபெயர்வோர் காப்பாளரின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் இடம்பெற்றது. எழுத்தறிவு குறைந்தவரே ஏமாறுவர் என்பது அச்சட்டத்தின் உள்ளெண்ணம். ஆனால் மியாவாடிக்குச் சென்றவர் பொறியியலும் பட்டயமும் படித்தவர். அவர்தம் கடவுச்சீட்டுக்கு ஒப்புதல் தேவையில்லை. 2023 நவம்பரில் இந்தியர்க்கு நுழைவுரிமம் வேண்டா என்று தாய்லாந்து அறிவித்து, முதலில் 30 நாள், 2024 ஜூலை முதல் 60 நாள் என நீட்டித்தது. வேலைக்குப் போவதும் சுற்றுலா போவதும் புறப்படும் வாயிலில் ஒன்றுபோல் ஆயின. படித்தவனுக்குக் காவல் வேண்டா என்று அரசு எண்ணியது. அந்த இடைவெளியில்தான் முகவன் நுழைந்தான்.

இவ்வட்டாரத்து இளைஞர் ஏன் செல்லத் துணிகின்றனர் என்பது இவ்வவைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திருப்பெரும்புதூரின் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலைநகரின் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. வேறு ஆலைகள் உள்ளன. நிறுவன வண்டிகள் விடியற்காலையில் இவ்வூர்ச் சந்திகளில் இன்றும் நிற்கின்றன. ஆனால் ஒப்பந்தக் கூலியில் பட்டயப் படிப்பின் கடனை அடைக்க ஆகும் ஆண்டுகளை எண்ணுபவனுக்கு, மாதம் ஒரு லட்சம் என்னும் விளம்பரம் பொய்யாகத் தோன்றுவதில்லை. 1942இன் படக்காட்சியும் இன்றைய விளம்பரமும் ஒரே கதவின் இரண்டு பூட்டுகள்.

கவிஞர்கள் நிறைந்த அவையில் கவிதையைப் பற்றி ஒரு சொல். அயல்நாடு சென்றவனைப் பற்றித் தமிழில் இருவகைப் பாட்டுகள் மிகுதி. ஒன்று, கடல்கடந்து கொடி நாட்டிய பெருமை. மற்றொன்று, தாய்மண்ணைப் பிரிந்த கண்ணீர். பெருமைப் பாட்டில் இராசேந்திரனின் கலங்கள் வரும். தகுவாபாவின் சிறு குளம் வருவதில்லை. கண்ணீர்ப் பாட்டில் அம்மா வைத்த குழம்பு வரும். முகவனிடம் கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கினாயா என்னும் கேள்வி வருவதில்லை. பற்றுச்சீட்டு கவிதைக்கு உரிய பொருளா என்று கேட்பவர்க்கு, வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர் முழுதும் கணக்கும் ஓலையும் வாரியமுமாகவே இருக்கின்றன என்பதே விடை.

மீண்டுவந்தவர்களின் நிலையும் பாட்டில் இடம்பெறவில்லை. அவர்களுள் பலர் வாய் திறப்பதில்லை. கடன் கொடுத்தவன் கேட்பான், ஊரார் சிரிப்பர், காவல் நிலையத்தில் அந்த மோசடியில் உனக்குப் பங்கு என்ன என்பர். இந்த மௌனத்தினாலேயே அடுத்த தெருவின் இளைஞனும் அதே முகவனிடம் செல்கிறான். மணிக்கிராமத்தார் இருந்த காலத்தில் ஒரு வணிகனுக்கு நேர்ந்த தீங்கு குழு முழுவதற்கும் செய்தி. இன்று ஒவ்வொருவனும் தனித்தனியே ஏமாறித் தனித்தனியே நாணுகிறான்.

இதற்கு இவ்வட்டாரத்திலேயே ஒரு கருவி உண்டு. காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில்களில் கோடைதோறும் பாரதக் கூத்து நடைபெறுகிறது. விடியவிடிய அமர்ந்திருக்கும் கூட்டத்தில், பாட்டியும் பேரனும் ஒரே பாயில் இருப்பர். கூத்தில் கட்டியங்காரனுக்கு எக்காலமும் ஓர் உரிமை உண்டு. பாரதத்தின் நடுவே ஊர்ச் செய்தியைச் சொல்லலாம், அரசனையே கேள்வி கேட்கலாம். சூதாட்டக் காட்சியைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. தருமன் மண்டபத்துக்குள் அடியெடுத்து வைக்கும் வேளையில் கட்டியங்காரன் குறுக்கே வந்து கேட்கட்டும்: உன்னை அழைத்த முகவனுக்குப் பதிவெண் உண்டா, அதனை அரசின் இணையப் பதிவேட்டில் பார்த்தாயா? வேலை தரும் நிறுவனத்தின் முகவரி எந்த ஊர்? விமான நிலையத்திலிருந்து எத்தனை மணி நேரம்? வண்டி மேற்கே எல்லைப் பக்கம் திரும்பினால் இறங்கிக்கொள்வாயா? கடவுச்சீட்டின் படியை வீட்டில் யாரிடம் கொடுத்தாய்? பாங்காக்கில் இந்தியத் தூதரகத்தின் எண்ணை உன் தங்கை எழுதிவைத்திருக்கிறாளா?

இவ்வினாக்களைக் கூத்துக்கு ஏற்ற பாட்டாகக் கட்டித்தரும் திறன் இவ்வட்டத்தில் பலர்க்கு உண்டு. கூத்துக் குழுக்கள் பங்குனியில் ஒத்திகை தொடங்கும். அதற்கு முன்பு அவர்கள் கையில் சேர்ந்தால் வரும் கோடையிலேயே மேடையேறும்.